காக்கை வன்னியன் மேல் சுமத்திய பழி

1619 இல் பறங்கியரின் (போர்த்துக்கேயரின்) தளபதி பிலிப் டி ஒலிவேராவின் படை பூநகரிப் பக்கமாகத் தரைவழியே வந்து யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது. கடல் கடந்து தப்ப முயன்ற அரசன் சங்கிலி குமாரன் பருத்தித்துறைப் பக்கத்தில் பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்டான். ஏன் தோற்றோம் என்று கேட்டால், இன்றும் எம்மவர் வாயில் முதலில் வருவது, அரசனைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் காக்கை வன்னியனின் பெயர்தான்.

இந்த வழக்கத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக மயில்வாகனப் புலவர் இந்தத் துரோகக் கதையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். பறங்கியருக்குப் பின் ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருந்த காலத்திலும் தோல்வியை விதியென்று ஏற்காத ஒரு சமூகத்தின் ரோசம் அந்தக் கதையில் இருக்கிறது. சங்கிலியின் பெயர் மறக்கப்படாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். உட்பகை அரசைத் தின்றது என்பதும் பொய்யல்ல.

ஆனால் காரணம் தேடும்போது இந்தக் கதை எம்மைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகிறது. 1560 இல் பறங்கியரை எதிர்த்துப் போராடிய முதலாம் சங்கிலியையும் 1619 இல் வீழ்ந்தவனையும் வைபவமாலை ஒரே அரசனாக்கிவிட்டது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இலேயே தம் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் இத்தகைய குழப்பங்களை ஆராய்ந்தார். இரண்டு சங்கிலிகளும் ஒன்றானபோது நடுவிலிருந்த 1591 மறைந்துபோனது. அந்த ஆண்டில் பறங்கித் தளபதி அந்திரே புர்த்தாதோ படையெடுத்து அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைப் பறங்கியரின் சொற்கேட்கும் அரசனாக அமர்த்தினான். சுதந்திரம் அன்றே பாதி போய்விட்டது. 1617 இல் எதிர்மன்னசிங்கன் இறந்ததும், வாரிசு சிறுவனாக இருக்க, சங்கிலி குமாரன் அரச குடும்பத்தினரைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தான். அதனால் உள்ளூரில் பகைவர் பெருகினர். படை அனுப்பப் பறங்கியருக்கும் சாட்டுக் கிடைத்தது.

பாரசீகத்தின் கதையும் இதற்குத் தூரமில்லை. அரபுப் படை வென்ற காதிசிய்யாப் போரைப் பற்றி, இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழித்துத் தபரி தொகுத்த வரலாற்றில் வீரர்களின் சாகசங்கள் நிறைந்திருக்கின்றன. ஆனால் பைசாந்தியத்தோடு 602 முதல் 628 வரை நடந்த போரும், அதன்பின் நான்கே ஆண்டில் அரியணையில் பலர் மாறிமாறி ஏறியதும் பாரசீக அரசை முன்பே தளர்த்தியிருந்தன.

துரோகக் கதையின் பெரிய குறை வேறொன்று. அரசன் பிடிபட்டதோடு அது முடிந்துவிடுகிறது. 1620 இல் பறங்கியருக்கு எதிராக மிகப்பிள்ளை ஆராச்சி கிளர்ந்தெழுந்ததும், அதற்குத் துணையாகத் தஞ்சை இரகுநாத நாயக்கர் படை அனுப்பியதும் அதில் இல்லை. காட்டிக்கொடுத்தவனை நினைவில் வைத்த நாங்கள், அரசன் இல்லாமலும் போராடியவர்களை மறந்துவிட்டோம். எங்கள் பாடசாலைகளில் சங்கிலியின் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள் 1591 இலிருந்து தொடங்கி, 1620 ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.