பெயருள்ள ஒருவன், பெயரற்ற பல்லாயிரவர்

லண்டனில் பிறந்த இளைஞன் பிரேஸ்கர்டில். 1936இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்தவன், துரைமாரை உதறித் தமிழ்த் தொழிலாளர் பக்கம் நின்றான். 1937இல் ஆளுநர் ஸ்டப்ஸ் அவனை நாடு கடத்த ஆணையிட்டார். உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வீர வரலாறுதான், மறுப்பாரில்லை!

ஆனால், அதனைச் சொல்லும் முறையிலே ஒரு குறை. வெள்ளை இளைஞனுக்குப் பெயருண்டு, முகமுண்டு. அவனை வீரனாக்கிய தொழிலாளிக்கோ ‘கூட்டம்’ என்பதே பெயர்! அவன் கதை தீர்ப்போடு முடிகிறது. அவர்கள் கதை? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. முழுத் தீர்வுக்கான சட்டம் வர 2003 ஆயிற்று. ஒருவனைக் காத்த நீதி இலட்சக்கணக்கானோரைக் கைவிட்டதேன்? இதைக் கேளாத வரலாறு பாதி வரலாறே.

‘எல்லாம் சனியின் வேலை’ எனத் திருநள்ளாற்றுக் குளத்தைக் காட்டுவோரே! அது கோளின் வேலையன்று; கோல் பிடித்தோரின் வேலை!