நார்த் ஹைடு: யார் மேல் பழி?

2025 மார்ச் 20 இரவு, மேற்கு லண்டனில் ஹேய்ஸ் பகுதியிலுள்ள நார்த் ஹைடு துணை மின் நிலையத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. ஏறத்தாழ 67,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. மறுநாள் பெரும்பகுதி நேரம் ஹீத்ரோ விமான நிலையம் மூடிக் கிடந்தது; 2,70,000க்கும் மேற்பட்ட பயணங்கள் குலைந்தன. ஒரே ஒரு துணை மின் நிலையத்தை நம்பியா இவ்வளவு பெரிய விமான நிலையம் ஓடுகிறது என்று பலரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியே பிசகானது.

275 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரத்தை வட்டாரத்துக்கு ஏற்றபடி குறைத்து அனுப்புவது துணை மின் நிலையத்தின் பாதி வேலைதான். பழுதான பாகத்தை ரிலேயும் பிரேக்கரும் கொண்டு நொடியில் கழற்றிவிட்டு, மிச்சத்தை ஓடவைப்பது மறுபாதி. ஒன்று போனால் மற்றது சுமையை ஏற்கட்டும் என்றுதான் ஒன்றுக்கு மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர்களை வைக்கிறார்கள். நார்த் ஹைடு தோற்றது இந்த மறுபாதியில். தீயின் பாதிப்பு பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரையும் எட்ட, நிலையமே முழுதாக நின்றுபோனது.

பிரிட்டனின் மின்கட்டமைப்பை இயக்கும் நீசோ அமைப்பு 2025 ஜூலையில் இறுதி அறிக்கை வெளியிட்டது. டிரான்ஸ்ஃபார்மரின் புஷ்ஷிங்குக்குள், அதாவது மின்கடத்தியை உள்ளே கொண்டுசெல்லும் காப்புப் பாகத்துக்குள், ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்கிறது அது. அந்த ஈரம் 2018 ஜூலையிலேயே எண்ணெய் மாதிரியில் தெரிந்துவிட்டது. நிலையத்தின் உரிமையாளரான நேஷனல் கிரிட் நிறுவனத்தின் சொந்த வழிகாட்டுதல்படியே, அந்த அளவு ஈரம் கண்டால் புஷ்ஷிங்கை மாற்றியாக வேண்டும். மாற்றவில்லை. மாதிரியைச் சோதித்தவர் தன் வேலையைச் செய்துவிட்டார். முடிவைக் கையில் வாங்கியவர்கள் செய்யவில்லை. ஆறரை ஆண்டுக்கும் மேலாகக் கிடப்பில் போட்டதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

ஆனால் விமான நிலையம் மூடப்பட்டதையும் இதே கணக்கில் எழுதலாமா? ஹீத்ரோவுக்கு மின்சாரம் வரும் வழிகள் மூன்று. மற்ற இரண்டிலும் போதிய மின்சாரம் இருந்தது என்றார் நேஷனல் கிரிட்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜான் பெட்டிக்ரூ. ஆயிரக்கணக்கான சாதனங்களைப் பாதுகாப்பாக நிறுத்தி மறுபடி இயக்குவது சுவிட்சைத் தட்டுகிற காரியமல்ல என்பது ஹீத்ரோவின் பதில். இரண்டும் உண்மை. ஆனால் ஹீத்ரோவின் பதில் அதன்மேலேயே திரும்புகிறது. ஒரு வழி அடைபட்டால் முக்கிய இயக்கங்கள் நிற்கும். உள் வலையமைப்பை மாற்றித் தொடுக்க 10 முதல் 12 மணி நேரம் ஆகும். இது ஹீத்ரோவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. முழு நிலையமே போவது அபூர்வம், அதற்காகப் பெருஞ்செலவு செய்வானேன் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. சாதாரணத் தொழிற்சாலையானால் ஒப்புக்கொள்ளலாம். ஹீத்ரோவுக்கு அது பொருந்தாது.

இன்னொரு குறையையும் அறிக்கை சொல்கிறது: தங்கள் மின்தடத்தின் மறுமுனையில் நாட்டின் இன்றியமையாத அமைப்புகள் எவை இருக்கின்றன என்பது மின்கட்டமைப்பை நடத்துவோருக்குப் பொதுவாகத் தெரிவதில்லை.

67,000 இணைப்புகள் இருண்டதற்கு நேஷனல் கிரிட் பொறுப்பு. விமானங்கள் ஒரு பகல் முழுக்கத் தரையில் நின்றதில் பெரும்பங்கு ஹீத்ரோவுடையது.