வெள்ளத்துக்கு முந்திய இரவு

களனி கங்கை பெருகும்போதெல்லாம் நம்மவர் வெள்ளக் கவிதை எழுதுகிறார்கள். 2016 மே வெள்ளத்தின் பின்னும், 2025 நவம்பரில் திட்வா புயலின் பின்னும் எழுதினார்கள். பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு முந்திய இரவை எழுதுவாரில்லை.

கங்கை வெள்ளம் கொழும்புக்குச் சொல்லாமல் வருவதில்லை. மழை மலைநாட்டில். கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என நீர்மானிகள் ஒவ்வொன்றாய் ஏறி, கடைசியில் கொட்டாஞ்சேனைக்கு அப்பால் நாகலகம் வீதியில் வந்து நிற்கும். வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் அந்த அடிக்கணக்கைக் கேட்டபடி மக்கள் விழித்திருக்கிறார்கள். எதை உயரத்தில் தூக்கி வைப்பது, உம்மாவை யார் வீட்டுக்கு அனுப்புவது, இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாமா? கதை அங்கேதான் இருக்கிறது. வெள்ளவத்தை மாடிவீட்டிலிருந்து எழுதுபவருக்கோ அது வெறும் மழைச் செய்தி.

நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கையாள்வோரும் அலையையும் கப்பலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, தண்டனை என்று முடித்துவிடுகிறார்கள். தண்டனையென்றால் அது ஏன் தாழ்நிலத்து ஏழையையே தேடிப் போகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. ஹூத் அத்தியாயத்தில், அலை இடையே வருமுன் தகப்பன் மகனை அழைக்கிறார். மகனோ மலையேறித் தப்புவேன் என்கிறான். நெஞ்சை உலுக்குவது அந்த உரையாடல்.

அலையை எவரும் எழுதலாம். அந்தத் தகப்பனின் குரலை எழுதத்தான் எழுத்தாளன் வேண்டும்.