இறந்தவர்களை யார் எழுப்புகிறார்கள்? - இரு மாயக்கதைகள் பற்றிய சில குறிப்புகள்

யப்பானிய அனிமே பற்றியும் கொரிய வெப்ரூன் பற்றியும் எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூனுக்கும் விமர்சனமா என்பது அவர்களது கேள்வி. தமிழ்ச் சினிமாவின் கதாநாயகன் குறித்துப் பக்கம் பக்கமாக விவாதித்தவர்கள் நாம். ஆனால் புகலிடத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை, எமது வீட்டின் அடுத்த அறையிலேயே, வேறு கதாநாயகர்களுடன் வாழ்ந்துகொண்டிருக்கிறது. வீரம் என்றால் என்ன, எதிரி என்பவன் யார், இறந்தவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பவற்றை அவர்கள் எமது கவிதைகளிலிருந்து கற்கவில்லை. இந்தக் கதைகளிலிருந்தே கற்கிறார்கள். அந்த அறையின் கதவைத் தட்டாமல் 'இளைய தலைமுறை வாசிப்பதில்லை' என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இவற்றின் இரசிகன். நித்திரை முழித்துப் பார்த்தவன். ஆகவே இது வெளியே நின்று செய்யும் கண்டனம் இல்லை. எனக்குப் பிடித்தவை எனக்கு என்ன செய்கின்றன என்று கேட்கும் முயற்சியே இது. இதற்காக நான் எடுத்துக்கொள்வது இரண்டு கதைகளை: கொரியாவின் 'சொலோ லெவலிங்', யப்பானின் 'பிரீரென்'. இரண்டும் வாளும் மந்திரமும் அரக்கரும் நிறைந்த மாயக்கதைகள். இரண்டிலும் இறந்தவர்களைப் படையாக்கி நடத்தும் ஒருவர் வருகிறார். ஒன்றில் அவர் கதாநாயகன். மற்றதில் அவர் எதிரி. இந்த வேறுபாடு தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

'சொலோ லெவலிங்' சுகொங் என்ற புனைபெயரில் எழுதுபவரின் நாவலாக 2016இல் வெளிவரத் தொடங்கியது. 2018 மார்ச் முதல் 2021 டிசம்பர் வரை, ஜாங் சொங்-ராக்கின் ஓவியத்தில் வெப்ரூனாக வந்தபோதுதான் உலகெங்கும் பரவியது. 2024 ஜனவரியில் யப்பானின் ஏ-1 பிக்சர்ஸ் அதை அனிமேயாக்கியது. வெப்ரூன் என்பது கைத்தொலைபேசித் திரையில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் சித்திரக்கதை. பக்கம் புரட்டுதல் என்ற ஒன்று அங்கு இல்லை. கதை கீழே விழுந்துகொண்டே இருக்கும். விரல் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். இக்கதை வெளியான காக்காவோபேஜ் நிறுவனம் 2014இல் 'காத்திருந்தால் இலவசம்' என்ற முறையைக் கொண்டுவந்தது. பொறுத்திருப்பவருக்கு அடுத்த அத்தியாயம் காசில்லாமல் கிடைக்கும். பொறுக்காதவர் காசு கட்டவேண்டும். பொறுமையின்மையை விலைபேசும் இந்த முறைக்கு, ஒவ்வொரு அத்தியாயமும் பசியில் முடியவேண்டியிருக்கிறது. கதாநாயகன் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு படி ஏறவேண்டியிருக்கிறது.

கதை இதுதான். வேற்றுலகங்களுக்கான வாயில்கள் திறக்கின்றன. மிருகங்கள் வருகின்றன. அவற்றை எதிர்க்கும் ஆற்றல் சில மனிதர்களுக்கு வாய்க்கிறது. அவர்கள் ஈ முதல் எஸ் வரை தரம் பிரிக்கப்படுகிறார்கள். ஒருமுறை கிடைத்த தரம் பின்னர் மாறுவதில்லை. சங் ஜின்-வூ ஈ தரத்தவன், எல்லோரிலும் பலவீனன். ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடக்கும் தாய்க்காகவும் தங்கையின் படிப்புக்காகவும் சாவுக்குள் போய் வருகிறவன். ஒருநாள் அவனுக்கு மட்டும் ஒரு வரம் கிடைக்கிறது. அவன் மட்டும் தரம் உயரலாம்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது விளங்காதது இல்லை. 1997இன் நிதி நெருக்கடிக்குப் பின்னரான கொரியாவில் நிரந்தர வேலை என்பது பலருக்கு எட்டாததாயிற்று. 2015 அளவில் அந்நாட்டு இளைஞர்கள் தமது நாட்டை 'நரக ஜொசொன்' என்று அழைத்தார்கள். தங்கக் கரண்டியுடன் பிறந்தவர், மண் கரண்டியுடன் பிறந்தவர் என்று மனிதரைப் பிரித்துப் பேசினார்கள். பிறப்பிலேயே தரம் எழுதப்பட்டுவிட்டது என்ற அந்தக் கசப்பை இக்கதை சரியாகப் பிடித்திருக்கிறது. அதற்கு அது சொல்லும் தீர்வுதான் சிக்கலானது. தரப்பிரிப்பு என்ற ஏணியை யாரும் உடைப்பதில்லை. ஒருவன் மட்டும் அதில் எல்லோரையும் தாண்டி ஏறுகிறான். மற்ற ஈ தரத்தவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள்.

அவனது பெரும் ஆற்றல் இறந்தவர்கள்மீதானது. தான் கொன்றவற்றின் உடல்முன் நின்று எழும்படி கட்டளையிடுகிறான். அவை கருநிழலாக எழுந்து அவன்முன் மண்டியிடுகின்றன. அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுகிறவர்களில் ஒருவனைக் கவனியுங்கள். கிம் சொல் ஒரு மனிதன். கர்வமும் கோழைத்தனமும் கொண்டவன். ஆபத்தில் பலவீனர்களைக் கைவிட்டுப் போனவன். பிறகு ஜின்-வூவோடு மோதிச் சாகிறவன். எழுந்தபின் அவனுக்கு 'அயர்ன்' என்று வேறு பெயர் சூட்டப்படுகிறது. தலைவனின் பாராட்டுக்காக நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் வேடிக்கைப் பாத்திரம் ஆகிறான். தன்னைக் கொன்றவனுக்கு அடிமைசெய்ய அவன் சம்மதித்தானா என்று கதை கேட்பதில்லை. வாசகரும் கேட்பதில்லை, ஏனெனில் அவன் கெட்டவன்.

நியாயமாகச் சொன்னால், கதைக்கு இந்த உறுத்தல் ஓரிடத்தில் வருகிறது. ஜேஜு தீவுப் போரில் இறந்த மின் பியொங்-கியூ என்ற வைத்தியனை, இன்னொருத்தியின் உயிரைக் காப்பதற்காக ஜின்-வூ எழுப்புகிறான். காரியம் முடிந்ததும், அவனை அறிந்தவர்களின் வேண்டுகோளின்படி விடுவித்துவிடுகிறான். முழுக்கதையிலும் என்னை உண்மையாகத் தொட்ட இடம் இது. ஆனால் நண்பர்கள் கேட்டதால் நல்லவனுக்கு ஓய்வு. கேட்க ஆளில்லாதவனுக்கு முடிவற்ற சேவகம் என்றே கணக்கு முடிகிறது.

எதிரி பற்றியும் ஒரு விடயம். மூலத்தில் ஜேஜு தீவுப் போரின்போது யப்பானிய வேட்டையாளர் கொரியர்களுக்குத் துரோகமிழைக்கிறார்கள். 1910 முதல் 1945 வரை யப்பானின் காலனியாக இருந்த ஒரு தேசத்தின் கோபம் அது. யப்பானிய மொழியில் இது வெளியானபோது சங் ஜின்-வூ மிசுஷினோ ஷுன் ஆனான். கொரியா யப்பான் ஆயிற்று. துரோகமிழைத்த நாடு கற்பனை நாடொன்றாயிற்று. கதைக்கு எந்தச் சேதமும் ஏற்படவில்லை. பெயரை மாற்றிவிட்டால் எவருக்கும் பொருந்தும் தேசியம்! கொரியனின் காயத்தைக் கொண்டே யப்பானியன் தன்னைப் பாதிக்கப்பட்டவனாக உணரமுடிகிறது என்றால், அந்தக் காயம் அக்கதையில் எவ்வளவு மேலோட்டமாக இருந்திருக்கவேண்டும்.

இனி 'பிரீரென்'. யமதா கனேஹிதோ எழுத, அபே சுகாசா வரைய, 2020 முதல் 'ஷோனென் சண்டே' இதழில் வரும் மங்கா. 2021இல் மங்கா தைஷோ விருது பெற்றது. மாட்ஹவுஸ் நிறுவனத்தின் அனிமேயின் முதல் 28 பகுதிகள் 2023 செப்டெம்பர் முதல் 2024 மார்ச் வரை ஒளிபரப்பாகின. மற்றக் கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. அரக்கர்களின் அரசன் ஏற்கனவே கொல்லப்பட்டுவிட்டான். நால்வர் பத்தாண்டு பயணம் முடித்துத் திரும்புகிறார்கள். அவர்களில் பிரீரென் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மந்திரக்காரி. பத்தாண்டு அவளுக்குக் கண் சிமிட்டும் நேரம். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவள் திரும்பி வரும்போது வீரன் ஹிம்மெல் கிழவனாகியிருக்கிறான். விரைவிலேயே இறந்தும் போகிறான். அவனது அடக்கத்தின்போதுதான், அவனை அறிந்துகொள்ளத் தான் முயலவேயில்லை என்பது அவளுக்கு உறைத்து, அழுகிறாள். ஜேர்மனியில் வாழும் நண்பர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: ஹிம்மெல் என்றால் வானம், பிரீரென் என்றால் குளிரில் உறைதல்.

அதன்பின் அவள் செய்வதெல்லாம் சிறிய வேலைகள். ஊரூராக நிற்கும் ஹிம்மெலின் சிலையைத் துடைக்கிறாள். அவன் ஊரில் பூத்த நீலப் பூவொன்றை, அழிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பின்னும், சிலையருகே நடுவதற்காக மாதக்கணக்கில் தேடுகிறாள். இறந்தவனை அவள் எழுப்புவதில்லை. இறந்தவர்களின் ஆன்மாக்களைச் சந்திக்கலாம் என்று சொல்லப்படும் வடக்கு நிலத்தை நோக்கி, அவனோடு பேசுவதற்காக நடக்கிறாள்.

இறந்தவர்களை எழுப்புகிறவள் ஔரா என்ற அரக்கி. தன்னிலும் வலுக்குறைந்தவரைத் தன் சொற்படி ஆடவைக்கும் மந்திரம் அவளுடையது. மனவுறுதி கொண்டவர்கள் அதையும் மீறி எதிர்க்கக்கூடும் என்பதால் அவர்களின் தலைகளை வெட்டிவிடுகிறாள். தலையற்ற உடல்கள் அவளது படையாகின்றன. எனக்குத் தெரிந்தவரை இராணுவம் என்ற நிறுவனத்துக்கு இதைவிடத் துல்லியமான படிமம் அண்மைக்கால மாயக்கதைகளில் இல்லை. அந்த உடல்கள் ஒருகாலத்தில் மக்களைக் காக்கப் போரிட்டவர்களுடையவை. முன்பொருமுறை பிரீரென் அவற்றை வெடிவைத்ததுபோல் சிதறடித்தாள். ஹிம்மெல் அதற்காகக் கோபித்துக்கொண்டான். அவன் இறந்தபின்னும் அந்தக் கோபத்தை மதித்து, இம்முறை ஒவ்வோர் உடலிலிருந்தும் மந்திரத்தை மட்டும் கழற்றி, சேதமின்றிக் கிடத்துகிறாள். இறந்தவனின் சொல் இருப்பவளின் கையைக் கட்டிப்போடுகிறது. ஜின்-வூவின் உலகில் இது நேர்மாறானது. அங்கு இருப்பவனின் சொல்லே இறந்தவனைக் கட்டிப்போடுகிறது.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் 'பிரீரென்' மீதும் எனக்கொரு வழக்கு இருக்கிறது. அதில் அரக்கர் மனித உருவம் கொண்டவர்கள். மனித மொழி பேசுபவர்கள். அவர்களுக்கு மொழி என்பது ஏமாற்றுவதற்கான கருவி மட்டுமே என்று கதை அடித்துச் சொல்கிறது. ஒரு பிள்ளையைத் தின்ற அரக்கச் சிறுமியொருத்தி, கொல்லப்படப்போகும் வேளையில் 'அம்மா' என்கிறாள். ஹிம்மெல் தயங்குகிறான். கிராமத் தலைவர் அவளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார். பிறகு அவரையே அவள் கொல்கிறாள். அரக்கருக்குத் தாயென்று எவருமில்லை. அச்சொல்லைச் சொன்னால் மனிதர் கொல்லமாட்டார்கள் என்பதே அவள் அறிந்தது. சமாதானம் பேசவரும் அரக்கத் தூதர்களும் பொய்யர்களே. அவர்களைக் கண்டதும் தாக்கிய பிரீரெனைச் சிறையில் அடைத்த பிரபு ஏமாளி ஆகிறார்.

இந்தத் தர்க்கத்தை எமக்குத் தெரியும். எம்மில் பலர் அகதி விசாரணை அறைகளில் இதன் முன்னால் அமர்ந்திருக்கிறோம். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் பொய், நாளைத் துல்லியமாகச் சொன்னால் பாடமாக்கியது, மறந்தால் புனைந்தது. வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லும் வாழ்வதற்கான தந்திரம் மட்டுமே என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், அதன்பின் அந்த வாய் பேச எதுவும் இல்லை. மாயக்கதையில் எதிரி உண்மையில் அப்படித்தான் என்று கதாசிரியர் விதித்துவிடலாம். ஆனால் அப்படி விதிப்பது எமக்கு ஓர் ஆறுதலைத் தருகிறது: குற்றவுணர்வின்றிக் கொல்லலாம். கடைசியில் பிரீரென், ஔராவின் மந்திரத்தையே அவள்மீது திருப்பி, தன்னைத்தானே கொல்லும்படி கட்டளையிடுகிறாள். அழுதபடியே அவள் தன் கழுத்தை அறுக்கிறாள். அந்த இடத்தில் நான் ஆரவாரித்தேன். சிலநாள் கழித்தே வெட்கப்பட்டேன்.

கதாசிரியரும் இதை உணர்ந்திருக்கவேண்டும். மங்காவின் பிற்பகுதியில் மாஹ்ட் என்ற அரக்கன் வருகிறான். குற்றவுணர்வு என்றால் என்னவென்று அறிய விரும்பி, மனிதப் பிரபு ஒருவருக்கு நீண்டகாலம் சேவகம் செய்கிறான். முடிவில் அந்த நகரையே பொன்னாக்கிவிட்டு, தனக்கு எதுவும் உறைக்கவில்லை என்று காண்கிறான். முன்வைத்த விதி மாறவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை இம்முறை அரக்கனுக்கும் கிடைத்திருக்கிறது. அது சிறிய விடயம் இல்லை.

இதில் எமக்கு என்ன என்று கேட்கலாம். இறந்தவர்களைப் படையாக எழுப்பியவர்கள் எம்மிடையேயும் இருந்தார்கள். 1989 முதல் ஒவ்வொரு நவம்பர் 27லும் இறந்தவர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். தாய்மாரின் துயரம் அந்த வரிசைக்குள்தான் அழ அனுமதிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இடமில்லாதவர்கள், சக இயக்கத்தால் கொல்லப்பட்டவர்கள், கேட்க ஆளில்லாத கிம் சொல்களாகவே கிடந்தார்கள். மறுபக்கத்தில் அரசு 2009இன் பின் துயிலுமில்லங்களை உழுது அழித்தது. கோப்பாயில் அழிக்கப்பட்ட இடத்தின்மேல் 2011இல் இராணுவத் தலைமையகமே எழுந்தது. ஒருவர் இறந்தவரைக் கட்டளைக்குள் வைத்தார். மற்றவர் தாய்க்குச் சென்று விளக்கேற்ற ஓர் அடி நிலமும் விட்டுவைக்கவில்லை.

'சொலோ லெவலிங்' முடிவில் ஜின்-வூ காலத்தையே பின்னோக்கித் திருப்பி, இருபத்தேழு ஆண்டுகள் தனியே போரிட்டு, எந்த மரணமும் நிகழாதபடி செய்துவிடுகிறான். எவருக்கும் எதுவும் ஞாபகமில்லை. அந்த ஆசையை நான் பரிகசிக்கமாட்டேன். அது எனக்கும் உண்டு. ஆனால் எமக்குத் திருப்ப முடியாத காலம் வாய்த்திருக்கிறது. எமது பிள்ளைகள் இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களோடு அமர்ந்து, அயர்னுக்கு முன்பு என்ன பெயர் இருந்தது என்றும், அந்த அரக்கச் சிறுமி சொன்னது ஒருவேளை உண்மையாக இருந்திருந்தால் என்றும் கேட்டுப் பார்க்கலாம். எமது விவாதங்களில் நாம் கேட்கத் தவறிய கேள்விகள் அந்த அறையிலிருந்தே வரக்கூடும். இக்கருத்துகளோடு முரண்படும் நண்பர்கள், இரசிகர்கள் உட்பட, எழுதவேண்டும்.