சும்மா இருந்த சான்

போக்கரில் கையிலுள்ள சீட்டு பாதிதான். எதிராளி நம்மை என்னவென்று நினைக்கிறார் என்பது மீதி. 1988 உலகப் போக்கர் தொடரின் கடைசிக் கையை நான் சலிக்காமல் பார்ப்பது அதனால்தான்.

லாஸ் வேகாஸ், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ. முந்தைய ஆண்டு சாம்பியன் ஜானி சான். எதிரே புதுமுகம் எரிக் சைடல். மேசையில் முதலில் விழுந்தவை ராணி, பத்து, எட்டு. சைடலிடம் இன்னொரு ராணி. சானிடம் ஜாக்கியும் ஒன்பதும்: எட்டு முதல் ராணிவரை ஐந்தும் வரிசை. கடைசிவரை அதை வெல்லும் கை எதுவும் வரவில்லை.

அடித்து ஆடுபவர் என்று பேரெடுத்தவர் சான். அப்படிப்பட்டவர் பணம் ஏற்றாமல் இருந்தால் கையில் சரக்கில்லை என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். கடைசிச் சீட்டு விழுந்தது. சான் தன் வலுவைக் காட்டிக்கொள்ளவில்லை. சைடல் இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் முன்னே தள்ளினார். சான் பல வருடம் சேர்த்த பேரை ஒரே கையில் திருப்பிப் போட்டு ஆடியது என்ன நிதானம்!

சைடல் ஏமாளி அல்ல. 2010இல் அவரும் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் இந்தக் காட்சி வருகிறது; பார்க்கும்போது சீட்டை விட்டு, முகங்களைக் கவனியுங்கள்.