அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்தீர்களா?

ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் விடவில்லையென்றால், தஞ்சாவூரோ மன்னார்குடியோ, குழந்தைக்கு ‘ஃபீவர் ப்ரொஃபைல்’ என்ற ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏழைகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி உண்டா என்று கேட்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். டெங்குவுக்கான என்எஸ்1, மலேரியாவுக்கான ரத்தப் பூச்சு, தட்டணு எண்ணிக்கை ஆகியவை உயிர் காத்திருக்கின்றன. மறுக்கவில்லை.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வைடால் பரிசோதனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1896-இல் வந்த முறை அது. டைபாய்டு கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை அளக்கிறது. முதல் வாரத்தில் அது எழாமலே இருக்கலாம். பழைய தொற்றாலும் வேறு காய்ச்சலாலும் எழலாம். அதனால்தான் வாரம் பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டாம் முறை எடுப்பவர் யார்? ரிப்போர்ட்டில் ‘ஓ 1:160’ என்று இருந்தால் போதும், தாயிடம் டைபாய்டு என்று சொல்லிவிட்டு செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஏற்றுகிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பதில்லை. ஊசி போட்டபின் எடுத்தால் கிருமி வளர்வதும் அரிது.

உண்மையில் வந்திருப்பது உண்ணிக் காய்ச்சல் என்றால், அந்த ஊசிக்கு அது அடங்காது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. அக்குளில், தொடையிடுக்கில், காதுக்குப் பின்னால், அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எல்லாக் குழந்தைக்கும் இருப்பதில்லை. இருக்கும் குழந்தைக்கும் சட்டையைக் கழற்றாமல் எப்படித் தெரியும்?

பூனைக் கீறல் காய்ச்சலும் இப்படித்தான் தவறிப்போகிறது. நெல் மூட்டை இருக்கும் வீட்டில் எலிக்காகப் பூனை இருக்கும். குட்டியோடு பிள்ளைகள் விளையாடும். தெள்ளுப்பூச்சி பரப்பும் பார்டோனெல்லா ஹென்செலே கிருமி கீறல் வழியே ஏறினால், அக்குளில் நெறி கட்டும். சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் நீடித்து, கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறு கட்டிகள் தோன்றும். வழக்கமான ஃபீவர் ப்ரொஃபைலில் இதற்கு இடமில்லை. நெறியைத் தடவிப் பார்த்து, “வீட்டுல பூனைக்குட்டி இருக்காம்மா?” என்று கேட்ட பிறகுதான் உரிய ரத்தப் பரிசோதனைக்கே அனுப்பத் தோன்றும். வைடால் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இதையா சிக்கனம் என்கிறீர்கள்? தவறான ஊசிக்கு நாள்தோறும் பணம், தாய்க்கு நடவுக் கூலி போச்சு, காய்ச்சலும் நிற்கவில்லை. வைடாலைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். துவண்டு கிடக்கும் குழந்தைக்கு உடனே மருந்து தொடங்கத்தான் வேண்டும். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள், சில நிமிட வேலை அது.