அணங்கும் நகையும்: பேய்க்காதல் கதைகள் பற்றி ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார். நகையை முதலிலும் உவகையை இறுதியிலும் வைத்து, அச்சத்தை இடையில் நிறுத்தினார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் முதலாவதாக அவர் கூறுவது அணங்கு. அதே சொல்லை வள்ளுவர் காமத்துப்பாலின் முதல் அதிகாரத்தின் பெயரில் வைத்துத் ‘தகையணங்குறுத்தல்’ என்றார். அச்சுறுத்தும் தெய்வத்தையும் நெஞ்சைப் பறிக்கும் பெண்ணையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. ஆகவே, காதலும் பேயும் சிரிப்பும் ஒரே கதையில் கூடுவது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவோர் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாராதவர் எனலாம்.

இதனை இப்போது எடுத்துரைக்க வேண்டிய தேவை உண்டு. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பொழுதுபோக்குக்குப் பெரும்பாலும் ஆங்கிலப் புதினங்களையே நாடுகின்றனர். சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் இரத்தம் குடிக்கும் காதலர்களின் கதைகளைக் காணலாம். 2005-இல் வெளிவந்த ஸ்டெபனி மேயரின் ‘ட்வைலைட்’ அத்தகைய கதைகளுக்கு உலகெங்கும் பெருவாசல் திறந்தது. பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். ‘இப்படிப்பட்ட கதை தமிழில் உண்டா?’ என்று பிள்ளைகள் கேட்டால், ‘நம் இலக்கியத்தில் இந்தக் குப்பை கிடையாது’ என்று பெருமையோடு விடையிறுக்கின்றனர். அந்தப் பெருமைக்கு அடிப்படை இல்லை. அதனால் நேரும் பயன், பிள்ளைகள் தமிழிலிருந்து இன்னும் ஓரடி விலகுவதே. அண்மையில் படித்தனவும் மீண்டும் படித்தனவுமான சில நூல்களைக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வகைக் கதையின் தரத்தை அறிய இரண்டு கேள்விகள் போதும். பேய் நுழைந்த பிறகு காதலைப் பற்றிப் பேசுகிறவர் யார், பெண்ணா, பேயா? கதையில் எழும் சிரிப்பு யாரைப் பார்த்து எழுகிறது?

வேலனை மடக்கிய தோழி

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. காதலனைக் காணாமல் மகள் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகு அணங்கியது என்று எண்ணி வேலனை அழைக்கிறாள். ஆட்டுக்குட்டி பலியாகிறது, தினை தூவப்படுகிறது, வேலன் ஆடுகிறான். வீடே பேயைத் தேடும் வேளையில், உண்மை அறிந்தவள் தோழி ஒருத்திதான்.

குறுந்தொகை 362-ஆம் பாடலில் அத்தோழி வேலனிடம், சினம் கொள்ளாமல் தான் கேட்பதற்கு விடை கூறுமாறு பணிவாகத் தொடங்குகிறாள். குட்டியைக் கொன்று, இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளை உண்மையில் அணங்கிய மலைநாடனின் மாலையணிந்த மார்பும் அந்தப் பலியை உண்ணுமோ என்பது அவள் வினா. நற்றிணை 34-இல் மற்றொரு தோழி முருகனையே நேருக்கு நேர் விளித்து, இந்நோய் உன்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் அழைத்ததற்காக வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாமை உடையவன்தான் என்கிறாள்.

இங்கே நகையின் பணி என்ன என்பதை நோக்க வேண்டும். தோழி மெலிந்த பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பெண்ணின் விருப்பத்தைப் பேயின் செயலாகப் பெயர் மாற்றிய வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள். அச்சிரிப்பால் பேய் அகல்கிறது; காதல் வெளிப்படுகிறது. நகை, அச்சம், உவகை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பு இது. பிற்காலத்தில் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் கடைதிறப்பில் ஊடிய மகளிரைப் பாடிய கையோடு, கூழுக்கு ஏங்கும் பேய்க் கூட்டத்தையும் பாடினார். சமணப் பேய் கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து வடித்து உண்ணும் இடத்தில் சிரிக்காதவர் இலர். ஆயின் அங்கே காதலும் பேயும் ஒரே நூலில் தனித்தனி அறைகளில் குடியிருக்கின்றன.

கல்கியின் கடல்தீவு

அவ்விரண்டையும் ஓரறைக்குக் கொணர்ந்தவர்களுள் கல்கி குறிப்பிடத்தக்கவர். ‘சோலைமலை இளவரசி’யில் 1942 போராட்டத்தில் தலைமறைவான இளைஞன் ஒருவன் பாழடைந்த கோட்டையில் ஒளிந்திருந்து, தன் முற்பிறவிக் காதலைக் காண்கிறான். அதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது ‘மோகினித் தீவு’. உலகப்போர்க் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலேறித் தாயகம் திரும்பும் தமிழர் ஒருவர், வழியில் ஒரு தீவில் இறங்க நேர்கிறது. அங்கே நிலவொளியில் பழங்கால உடையணிந்த கணவனும் மனைவியும் அவரைச் சந்தித்து, சோழ இளவரசனும் பாண்டிய இளவரசியும் காதலித்த கதையைச் சொல்கின்றனர்.

கதையின் உயிர் அது சொல்லப்படும் முறையில் இருக்கிறது. கணவன் ஒரு பகுதியைச் சொன்னால் மனைவி குறுக்கிட்டுத் திருத்துகிறாள். மனைவி சொன்னால் கணவன் கேலி செய்கிறான். பகைநாட்டாரான அவ்விருவரில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதில் அவர்களுக்கு இன்னும் வழக்குத் தீரவில்லை. நூற்றாண்டுகள் கடந்தும் தீராத ஊடல் இது. கதையில் வரும் காதலர் இவர்களே என அறியும்போது நமக்கு அச்சம் தோன்றுவதில்லை. ஒரு நல்ல இல்லறத்தை எட்டிப் பார்த்த நிறைவே தோன்றுகிறது. சாவுக்குப் பின்னும் கணவனின் கதையைத் திருத்தும் உரிமையை இழக்காத அந்த மனைவி, சங்கத்தோழியின் வழிவந்தவள். இரு நாடுகளையும் துறந்து கடல் கடந்து குடியேறிய இணையர் என்பதால், ஊர்விட்டு ஊர்வந்த நமக்கு அவர்கள் இன்னும் சற்று நெருங்கியவர்கள்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ வேறு வகை. நள்ளிரவில் உறக்கம் கெட்ட எழுத்தாளன், வேலைக்கு வந்த பெண்ணைப் பற்றிய ஐயத்தை மனைவியிடம் சொல்லவும் மாட்டாமல், சொல்லாதிருக்கவும் மாட்டாமல் தவிக்கிறான். முதலில் அவன் தவிப்பு நமக்கு நகைப்பைத் தருகிறது; பிறகு நகைத்ததற்காக நாமே நடுங்குகிறோம். காதல் என்னும் சொல்லே இல்லாமல், மனைவி மீது கணவனுக்குள்ள பரிவை அவன் அச்சத்தால் மட்டுமே காட்டிய கதை அது.

ஜாலஹள்ளியிலிருந்து ஒரு குரல்

நம் நகரத்துக்கு வருவோம். சுஜாதா என்னும் பெயரில் எழுதிய ரங்கராஜன் (1935–2008) பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். அவருடைய ‘கொலையுதிர் காலம்’ பேய்க் கதையாகத் தொடங்கி அறிவியலோடு வழக்காடுகிறது. கணேஷ் காரணம் தேடுகிறான். வசந்த் பேயை நம்பத் தயாராகிறான். பேயை நம்புகிறவனிடமே நகைச்சுவையையும் கொடுத்தது சுஜாதாவின் திறமை. ‘ஆ’ என்னும் புதினத்தில் தலைக்குள் குரல் கேட்கும் இளைஞனுக்கு நேர்ந்தது முற்பிறவியா, மனநோயா என்னும் ஐயத்தை வளர்த்து, ஒவ்வோர் அத்தியாயத்தையும் ‘ஆ’ என்றே முடித்தார்.

ஆயினும் நம் இரண்டாம் கேள்வியை இங்கே கேட்டேயாக வேண்டும். வசந்தின் சிரிப்பு பல இடங்களில் பெண்களை நோக்கியே பாய்கிறது. எழுதிய காலத்தில் துள்ளலாகத் தோன்றிய அவ்வரிகள் இன்று படிக்கையில் உறுத்துகின்றன. அறிவில் முன்னே சென்ற எழுத்து, நகையில் சங்கத்தோழிக்குப் பின்னே நிற்கிறது.

மாத நாவல்களில் வரும் பேய்க்காதல்கள் பலவற்றின் குறை வேறு. நாயகி அடக்கமானவள், அவளுக்குச் சினமும் ஆசையும் இல்லை. பேய் புகுந்ததும் அவள் சிரிக்கிறாள், அதட்டுகிறாள், விரும்பியதைக் கேட்கிறாள். பேய் ஓட்டப்பட்டதும் பழைய அடக்கத்துக்குத் திரும்புகிறாள், குடும்பம் மகிழ்கிறது. பெண் வாய்திறக்கப் பேய் ஒரு சாக்காகிறது. வெறியாட்டுப் பாடலின் தலைகீழ் வடிவம் இது. இங்கே வேலன் வென்றுவிடுகிறான், தோழியைக் காணோம்.

திரைப்படத்திலும் இதே நிலைதான். 1993-இல் வந்த மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ படத்தில் பேயாக எண்ணப்படும் நாகவல்லி, தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனமாது. பி. வாசு அக்கதையைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004) என்றும் தமிழில் ‘சந்திரமுகி’ (2005) என்றும் எடுத்தபோது அவள் தெலுங்கு பேசலானாள். எந்த மொழியில் எடுத்தாலும் பேய் மட்டும் அயல்மொழிக்காரி! வடிவேலுவின் அச்சத்தைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். பிறமொழி பேசும் ஊரில் தன் காதலை இழந்த அந்தப் பெண்ணின் கதைக்குச் சற்று நின்றோமா? அயலூரில் அயல்மொழியினராக வாழும் நாம் அதைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள்.

1990-களில் பெங்களூர்ப் பகுதிகளில், வேண்டியவர் குரலில் கதவைத் தட்டும் பேய்க்கு அஞ்சி வீட்டு வாசலில் ‘நாளே பா’, அதாவது ‘நாளை வா’, என்று கன்னடத்தில் எழுதிவைத்த செய்தியை மூத்தோர் அறிவர். கடன்காரனுக்குச் சொல்லும் விடையையே பேய்க்கும் சொன்ன அந்த நகையுணர்வைக் கருவாக்கி 2018-இல் இந்தியில் ‘ஸ்த்ரீ’ என்னும் படமே வந்துவிட்டது. நம் தெருவில் கிடந்த கதை. நம் எழுத்தாளர் கைக்கு இன்னும் உரியவாறு எட்டவில்லை.

ஆங்கில நூல்களை முற்றிலும் ஒதுக்குவதும் முறையன்று. சார்லெய்ன் ஹாரிஸ் 2001-இல் தொடங்கிய புதின வரிசையில், உணவுக்கடைப் பணிப்பெண் ஒருத்திக்குப் பிறர் நினைப்பதெல்லாம் காதில் விழும். இரத்தம் குடிப்பவன் ஒருவன் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த அமைதிக்காகவே அவள் அவனை விரும்புகிறாள். வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும், காதலில் மனிதர் தேடுவது என்ன என்பதைப் பற்றிய உண்மை அதில் உள்ளது. காதலை விளங்கவைக்கப் பேய் பயன்படுமாயின் அக்கதை எந்த மொழியினதாயினும் நன்றே.

அல்சூர் ஏரிக்கரையில் 2009-இல் திறந்துவைக்கப்பெற்ற வள்ளுவர் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்; அறத்துப்பாலை ஒப்பிக்கச் சொல்கிறோம். அணங்கோ எனத் திகைத்த காதலனும் அதே வள்ளுவர் படைப்பே என்பதையும் சொல்வோம். மகள் மடியில் ஆங்கிலப் பேய்க்கதை கிடந்தால் அதைப் பிடுங்க வேண்டா. அதன் அருகில் ‘மோகினித் தீவை’ வைப்போம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கினால், இரவு உணவுக்குப் பின் நாமே படித்துக் காட்டுவோம். குறுக்கிடும் அந்த மனைவியின் பகுதியை அம்மாவும் கணவனின் பகுதியை அப்பாவும் படித்தால், வீட்டில் சிரிப்பு எழுவது உறுதி. அவ்வாறு சிரித்துப் பழகிய பிள்ளை, நாளை தன் மனத்திலுள்ளதைச் சொல்வதற்குப் பேயின் துணையை நாட வேண்டியிராது. வேலனை அழைக்க வேண்டிய தேவை பெற்றோருக்கும் நேராது.